29 ஆவது ஆளின் 18 வருட வியாபாரம்

வியாபாரிகளுக்குப் புத்தி சொல்ல எழுதப்படும் கட்டுரைகளில் அநேகமாக முதலிடம் பிடித்தவர்களின் கதைதான் வரும். கணினி என்றால் பில் கேட்ஸ், கூடைப்பந்து என்றால் மைக்கல் ஜோர்டன். எனக்கு இதில் நீண்ட காலமாகவே ஓர் ஆட்சேபனை உண்டு. நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் ஒன்றுகூடத் தன் துறையில் முதலாவது கடையல்ல. ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்கும் முப்பது, நாற்பது கடைகளில் அவையும் ஒன்று. அந்த முதலாளிமாருக்கு ஜோர்டனின் கதை கேட்க நன்றாக இருக்கும். மாத முடிவில் கணக்குப் போட உதவாது. அவர்களுக்கு உதவக்கூடிய ஒருவரைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன்.

அவர் பெயர் நஸ்ர் முஹம்மத். கானா நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பம். பிறந்தது 1977 இல், சிக்காகோவில். உயரம் 6 அடி 10 அங்குலம். கென்டக்கி பல்கலைக்கழக அணியில் ஆடி, படிப்பில் ஒரு வருடம் மீதமிருக்கும்போதே 1998 இல் என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு வந்தார். 2016 வரை 18 பருவங்கள், எட்டுக் கழகங்கள், 1005 ஆட்டங்கள். இத்தனைக்கும் ஒரு முறையேனும் அவர் நட்சத்திர ஆட்டக்காரராகக் கருதப்பட்டதில்லை.

அங்கே புதியவர்களைக் கழகங்கள் வரிசைப்படி தெரிவு செய்யும். 1998 இல் முதற் சுற்றில் 29 பேர். நஸ்ர் அதில் 29 ஆவது, அதாவது கடைசி ஆள். அவ்வருடம் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவரும் ஓர் உயரமான ஆள்தான்: மைக்கல் ஒலோவோகண்டி. அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை 2007 இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்பது பருவங்கள் நஸ்ர் ஆடினார். அதே வருடத்தில் வந்த வின்ஸ் கார்ட்டரும் டேர்க் நோவிட்ஸ்கியும் அவரைவிட நீண்ட காலம் ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்கள் நட்சத்திரங்கள். அவர்களின் கணக்கு வேறு.

29 ஆவது இடத்தைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாது. அப்போது முதற் சுற்றில் வந்தவருக்கு மூன்று வருடச் சம்பளம் உறுதியாக இருந்தது. 30 ஆவதாக, இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு அந்த உறுதி இருக்கவில்லை. ஓர் இடம்தான் வித்தியாசம். ஆனால் ஒருவர் கையில் இருப்பது வங்கி உத்தரவாதம் போன்றது; மற்றவர் கையில் இருப்பது திகதி தள்ளிப் போட்ட செக். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் விற்ற சரக்கு

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆளைச் சென்டர் என்பார்கள். குறி தவறி வரும் பந்தைப் பிடிப்பது, எதிரணியினர் வளையத்தை நெருங்கவிடாமல் மறிப்பது, தன் அணியின் எறிவாளருக்கு வழி கிடைக்கும்படி குறுக்கே நின்று உடம்பில் இடி வாங்குவது ஆகியவை அவர் வேலை. ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஆறு தவறுகள் செய்தால் வெளியேற வேண்டும். ஆகவே பிரதான சென்டருக்கு நாலாவது, ஐந்தாவது தவறு வந்துவிட்டால், அவரை உட்கார வைத்துவிட்டு இன்னோர் உயரமான ஆளை இறக்கியாக வேண்டும். இறங்குபவர் புள்ளி எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் சேதம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவருக்கு இது உடனே விளங்கும். பெயரிங் உடையாத நாளில் யாரும் அவர் கடையை எட்டிப் பார்ப்பதில்லை. உடைந்த நாளில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்க எவருக்கும் நேரமில்லை. நஸ்ர் 18 வருடங்கள் விற்றது இந்தச் சரக்கைத்தான்.

முதல் இரண்டு பருவங்களில் பிலடெல்பியா கழகத்தில் அவர் ஆடியது மொத்தமே 54 ஆட்டங்கள், அதுவும் சில நிமிடங்கள்தான். 2001 பெப்ரவரியில் அந்தக் கழகத்தின் பிரதான சென்டர் தியோ ராட்லிப் மணிக்கட்டு முறிந்து கிடந்தார். சம்பியன் பட்டத்துக்குப் போட்டியிட்ட கழகத்துக்கு உடனே பெரிய ஆள் ஒருவர் தேவை. அட்லாண்டாவிலிருந்து டிகெம்பே முட்டொம்போவை எடுத்தார்கள். மாற்றாகக் கொடுத்தவர்களில் நஸ்ரும் ஒருவர். பிலடெல்பியா அவ்வருடம் இறுதிப் போட்டி வரை போனது. நஸ்ர் போய்ச் சேர்ந்ததோ தோற்றுக்கொண்டிருந்த ஒரு கழகத்துக்கு.

பார்ப்பவருக்கு இது துரதிர்ஷ்டம் போலத் தெரியும். ஆனால் அட்லாண்டாவில் அவருக்கு ஆட இடம் கிடைத்தது. அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களிலும் ஆடினார். சரக்கு அதே சரக்குத்தான், தட்டு மட்டும் மாறியது. ஒரு பெரிய கடையின் பின் தட்டில் தூசி பிடித்துக் கிடப்பது, சரக்கே போதாத இன்னொரு கடையின் முன் தட்டில் விலை போகும். நம்மில் பலர் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் பட்டியலில் பெயர் இருப்பதையே பெருமையாக எண்ணி, வருடத்துக்கு இரண்டு ஓர்டருக்காகக் காத்திருக்கிறோம்.

அட்லாண்டாவிலிருந்து 2004 இல் நியூயோர்க். அங்கே சுமார் ஒரு வருடம்தான் இருந்தார். 2005 பெப்ரவரியில் சான் அன்டோனியோ.

யாருக்கு இலாபம்?

இந்தக் கைமாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனெனில் கணக்கு இங்கேதான் சுவையாக இருக்கிறது. நியூயோர்க் கொடுத்தது நஸ்ரையும் இன்னொருவரையும். சான் அன்டோனியோ கொடுத்தது மலிக் ரோஸ் என்ற அனுபவசாலியையும், எதிர்வரும் முதற் சுற்றுத் தெரிவு உரிமைகள் இரண்டையும். ரோஸுக்கு இன்னும் பல வருட ஒப்பந்தம் பாக்கியிருந்தது. அந்தச் சுமை இறங்கியது சான் அன்டோனியோவுக்கு ஓர் ஆறுதல். பருவம் முடியும் தறுவாயில் அவர்களின் சென்டர் ராஷோ நெஸ்டரோவிச் கணுக்காலில் காயப்பட்டார். நஸ்ர் தொடக்க ஐவரில் ஒருவரானார். ஜூனில் டெட்ரோயிட்டை 4-3 என்று வென்று சான் அன்டோனியோ சம்பியனானது. வந்து நாலு மாதத்தில் அவர் விரலில் சம்பியன் மோதிரம்.

நியூயோர்க் ஏமாந்ததா? அதுவும் இல்லை. கிடைத்த உரிமைகளில் ஒன்றைக் கொண்டு அவ்வருடமே 30 ஆவது இடத்தில் டேவிட் லீயைத் தெரிவு செய்தார்கள். 2010 இல் அவர் நட்சத்திர அணியில் ஆடும் அளவுக்கு வளர்ந்தார். ஒருவருக்கு அவசரம் இருந்தது, மற்றவருக்குக் காலம் இருந்தது. அவசரக்காரர் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார், அவருக்கும் வேலை முடிந்தது. பேரம் என்றால் ஒருவர் சிரிக்க மற்றவர் அழ வேண்டும் என்ற எண்ணம் நம் கடைத்தெருவில் இன்னும் போகவில்லை. எதிரே இருப்பவருக்கு எது அவசரம், எதற்குக் காத்திருக்க முடியும் என்பதைக் கேட்டறியாமலே விலையில் மட்டும் இழுபறிப்படுகிறோம்.

அடுத்த வருடமே நிலைமை மாறியது. 2005-06 பருவத்தில் 80 ஆட்டங்கள் ஆடியவர், 2006 மே மாதம் டலஸுக்கு எதிரான தொடரில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். டலஸ் வேகமாக ஓடும் அணி. அதற்கு ஈடுகொடுக்கப் பயிற்றுநர் கிரெக் பொப்பொவிச் உயரத்தைக் குறைத்து வேகமான ஆட்களை இறக்கினார். சான் அன்டோனியோ ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அதைத் தொடர்ந்த பத்து வருடங்களில் ஆட்டமே அந்தத் திசையில் போனது. தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறியத் தெரிந்த உயரமானவர்களுக்கு விலை ஏறியது. வளையத்தடியில் மட்டும் நிற்பவர்களுக்கு இறங்கியது. நஸ்ருக்குத் தூர எறிவு என்றும் வேலையாக இருந்ததில்லை.

சந்தை முழுதாகத் திரும்புமுன், 2006 கோடையில், அவர் நல்ல ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார். டெட்ரோயிட்டின் பெரிய ஆள் பென் வொலஸ் சிக்காகோவுக்குப் போய்விட்டார். காலியான இடத்துக்கு ஐந்து வருடங்களுக்குச் சுமார் 30 மில்லியன் டொலர் பேசி நஸ்ரை எடுத்தார்கள். ஆனால் 2007 ஜனவரியில் கிறிஸ் வெப்பர் வந்ததும் நஸ்ரின் இடம் போனது. அவ்வருட டிசெம்பரில் ஷார்லட்டுக்கு அனுப்பப்பட்டார். ஒப்பந்தம் சம்பளத்தைத்தான் காப்பாற்றியது, இடத்தை அல்ல. வெளிநாட்டுக் கொம்பனியின் முகவர் உரிமைக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்போர் இந்த வித்தியாசத்தை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

ஷார்லட்டிலும் ஒரு பருவம் பாதிக்கு மேல் ஆட இடமில்லை: 2008-09 இல் 39 ஆட்டங்கள்தான். அடுத்த பருவத்தில் டைசன் சாண்ட்லர் காயப்பட, மீண்டும் நஸ்ர். அந்தக் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக 2010 இல்தான் பருவ இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 2011 பெப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டி. அங்கும் புதிதாக வாங்கிய கென்ட்ரிக் பேர்கின்ஸ் முழங்கால் உபாதையுடன் வந்ததால் உடனே ஓர் ஆள் தேவைப்பட்டது. கவனித்தீர்களா? பல முறை மற்றவரின் காயம்தான் கதவைத் திறந்தது. ஆனால் கதவு திறந்த நாளில் அவர் ஆடத் தயாராக இருந்தார். உட்கார்ந்திருந்த மாதங்களில் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் காயங்கள் இன்னொருவருக்குத்தான் பயன்பட்டிருக்கும்.

விலை இறங்கிய பின்

2010-11 இல், அந்த ஐந்து வருட ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில், அவர் சம்பளம் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர். 2012 இல், 34 வயதில், சொந்த ஊரான சிக்காகோவின் கழகத்தில் சேர்ந்தபோது கிடைத்தது பத்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ளவருக்கான ஆகக் குறைந்த சம்பளம்: சுமார் 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

இதில் நம் முதலாளிமார் அறிய வேண்டிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. அனுபவம் கூடக் கூட ஆகக் குறைந்த சம்பளமும் கூடும் என்று விதி வைத்தால், கழகங்கள் வயதானவர்களை விட்டுவிட்டு மலிவான இளைஞர்களையே எடுக்கும். அதைத் தடுக்க, ஒரு வருட ஒப்பந்தத்தில் வரும் அனுபவசாலிக்கு, இரண்டு வருட அனுபவமுள்ளவரின் சம்பள அளவை மட்டும் கழகம் கொடுக்கும். அது அப்போது சுமார் 8 இலட்சத்து 54 ஆயிரம் டொலர். மீதியைப் பொது நிதியிலிருந்து லீக் ஈடுசெய்யும். ஆள் 13 இலட்சம் வாங்குகிறார், கழகத்துக்குச் செலவு எட்டரை இலட்சம். நம் வியாபாரச் சங்கங்கள் வருடாந்த விருந்தைத் தவிர வேறேதும் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு இது ஓர் உதாரணம்.

விலை ஐந்தில் ஒன்றாக இறங்கியபோது கடையைப் பூட்டியிருக்கலாமே என்பீர்கள். அண்மையில் பாதணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நானா என்னிடம் இதையே வேறு விதமாகச் சொன்னார். "முன்னே சோடிக்கு இருநூறு ரூபா நின்றது, தம்பி. இப்போ அறுபதுக்குக் கேட்கிறான். அதுக்கு விற்கிறதை விடச் சும்மா இருக்கலாம்."

"சும்மா இருந்தால் வாடகை நிற்குமா, நானா? இரண்டு பொடியன்மாரின் சம்பளம் நிற்குமா?" என்று கேட்டேன்.

"அது எப்படி நிற்கும்?"

அப்படியானால் அந்த அறுபது ரூபா இலாபம் குறைந்த வியாபாரம் அல்ல. எப்படியும் போகப்போகிற வாடகையில் ஒரு பகுதியை மீட்கும் பணம். கொள்விலைக்குக் கீழே போகாதவரை, கடன் கொடுக்காமல் கைக்காசுக்கு விற்கும்வரை, அதை மறுப்பதற்குக் காரணம் கணக்கு அல்ல, கௌரவம். அதற்காக எவ்வளவு காலமும் அறுபதுக்கே விற்றுக்கொண்டிருக்கலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். வாடகை ஒப்பந்தம் முடியும் மாதத்தில் கணக்கு மாறும். அப்போது கடையை விடுவதுதான் சரியாக இருக்கலாம். நஸ்ருக்கும் ஒரு வசதி இருந்தது: முந்திய வருடங்களின் பணம். கடனில் மூழ்கியவருக்குக் குறைந்த விலையைத் தெரிவு செய்யும் சுதந்திரம்கூட இருப்பதில்லை, திணிக்கப்படும்.

சிக்காகோவில் பிரதான சென்டர் ஜோகிம் நோவா. 2014 இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவர். அவருக்குப் பின்னால் 2013-14 பருவத்தில் நஸ்ர் 80 ஆட்டங்களில் இறங்கினார், சராசரி ஏழு நிமிடங்கள். 36 வயதில் ஏழு நிமிடத்துக்காக 80 இரவுகள் தயாராவதை எண்ணிப் பாருங்கள்.

2015 இல் எந்தக் கழகமும் இல்லாமல் வீட்டில் இருந்தவரை 2016 மார்ச்சில் ஓக்லஹோமா சிட்டி மீண்டும் அழைத்தது. வயது 38. ஐந்து ஆட்டங்கள் ஆடினார், அதோடு விளையாட்டு முடிந்தது. பிறகு அதே கழகத்தின் நிர்வாகத்தில் சேர்ந்து, அதன் கீழணியான ஓக்லஹோமா சிட்டி ப்ளூவின் பொது முகாமையாளரானார். யாரை எடுப்பது, யாரை விடுவது, யார் மேலணிக்குத் தேறுவார் என்று பார்க்கும் வேலை. அத்தகைய கீழணிகளில் ஆட வருபவர்களில் அநேகர் தெரிவுப் பட்டியலின் கடைசியில் இருந்தவர்கள், அல்லது பட்டியலில் பெயரே வராதவர்கள்.