எண்டாவ் ரொம்பின் போகும்முன் எந்தக் கையேடு?

ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங், கஹாங் வழியாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் புறப்படுகிறவர்கள், மழையங்கி வாங்கும்போதே ஒரு பறவைக் கையேடும் வாங்கிக்கொள்ளுங்கள். புகைப்பட நூலைவிட ஓவிய நூலே காட்டில் கைகொடுக்கும். புகைப்படம் ஒரு பறவையை, ஒரு வெளிச்சத்தில் மட்டும் காட்டும். ஓவியப் பக்கத்திலோ ஆண், பெண், இளம்பறவை, பறக்கும் தோற்றம் எல்லாம் அருகருகே இருக்கும்.

தீபகற்ப மலேசியாவில் இருவாச்சிகள் மட்டுமே பத்து வகை. தலைக்குமேல் இறக்கை இரைய ஒரு ஜோடி கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டைப்பை ஒன்றுக்கு மஞ்சள், மற்றதற்கு நீலம், வால் முழுக்க வெள்ளை. மஞ்சள் ஆண், நீலம் பெண். இரண்டும் ஒரே இனம்தான். இதைச் சில விநாடிகளில் தெளிவாக்குகிற நூல்தான் நல்ல நூல். ஆலன் ஜெயராஜசிங்கம் எழுதி, ஆலன் பியர்சன் ஓவியம் தீட்டிய தீபகற்ப மலேசிய, சிங்கப்பூர்ப் பறவைக் கையேடு (1999) அப்படிப்பட்டது. 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பைத் தேடுங்கள். யானை, தாப்பிர், குரங்கு பார்க்க சார்ல்ஸ் பிரான்சிஸின் தென்கிழக்காசியப் பாலூட்டி நூல் போதும்.

கடையில் புரட்டும்போது பரவல் வரைபடம் ஓவியத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கனத்த நூல் வீட்டோடு இருக்கட்டும், கால்சட்டைப் பையில் நுழைவதே உங்களோடு வரும். ஈரக்காட்டில் தாள் ஒட்டிக்கொள்ளும். ஜிப் பையில் போட்டு வையுங்கள்.