கமிட்டில் இருக்கும் பெயரை நம்பலாமா? சேர்ந்து நிரல் எழுதுபவர்களுக்குச் சில குறிப்புகள்

1. கிட்டில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் நீங்களே தட்டிவைத்த இரண்டு வரிகள், அவ்வளவுதான். தபால் உறையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதே கதை. 2021 மார்ச் 28 அன்று பிஎச்பி மொழியின் மூலநிரலில் இப்படித்தான் விளையாடினார்கள். அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப், அதன் முக்கியப் பங்களிப்பாளர் நிகிதா போபோவ் ஆகிய இருவர் பெயரிலும் கமிட்கள் வந்தன. எழுத்துப் பிழை திருத்தம் என்று குறிப்பு. உள்ளே இருந்ததோ, வெளியாள் அனுப்பும் நிரலை சர்வரில் ஓடவிடும் பின்வாசல். வெளியீட்டுக்குப் போகும் முன்பே சிக்கிக்கொண்டது. அதன்பின் பிஎச்பி தன் சொந்த கிட் சர்வரை விட்டுவிட்டு கிட்ஹப்புக்கு மாறியது.

2. பெயர் போலியில்லை என்று காட்ட ஒரு வழி, கமிட்டில் சாவியால் இடும் கையொப்பம். கையொப்பம் என்றதும் ஜிபிஜி என்ற கருவி நினைவுக்கு வந்து பலர் ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டாம். 2021 நவம்பரில் வந்த கிட் 2.34 முதல், சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் சாவியாலேயே கமிட்டில் கையொப்பமிடலாம். கிட் அமைப்பில் மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்: கையொப்ப வகை எஸ்எஸ்எச், பொதுச் சாவி இருக்கும் கோப்பு எது, எல்லா கமிட்டிலும் தானாகக் கையொப்பமிடு. மூன்றாவதை மட்டும் மறக்காதீர்கள். கையால் செய்ய வேண்டிய எதையும் வெள்ளிக்கிழமை மாலையில் யாரும் செய்வதில்லை.

3. எல்லாம் செய்தும் கிட்ஹப்பில் பச்சை நிற ‘வெரிஃபைட்’ வரவில்லையா? முதலில் சாவியைப் பாருங்கள். உள்நுழைவுக்கு ஏற்கெனவே ஏற்றிய சாவியாக இருந்தாலும், ‘கையொப்பச் சாவி’ என்ற வகையில் இன்னொரு முறை ஏற்ற வேண்டும். அடுத்து மின்னஞ்சல். கமிட்டில் இருக்கும் முகவரி, கணக்கில் உறுதிசெய்த முகவரியாக இருக்க வேண்டும். அலுவலக மடிக்கணினியில் சொந்த மின்னஞ்சல் ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

4. கமிட் கட்டளையில் பெரிய எஸ் போட்டால் சாவியால் கையொப்பம். சின்ன எஸ் போட்டால் செய்தியின் கீழே ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று ஒரு வரி மட்டும் சேரும். அந்த வரி லினக்ஸ் கெர்னலில் 2004-இல் தொடங்கிய வழக்கம்: இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. அதை யாரும் தட்டலாம், எதையும் நிரூபிக்காது. டேக் கட்டளையில் மட்டும் சின்ன எஸ்ஸே உண்மையான கையொப்பம்! இதை யோசித்து வைத்தவரை ஒரு நாள் சந்திக்க வேண்டும்.

5. இணையப் பக்கத்தின் பச்சை அடையாளத்தோடு நிறுத்தாமல் உங்கள் கணினியிலும் சரிபாருங்கள். கிட் லாக் கட்டளையோடு ‘ஷோ சிக்னேச்சர்’ சேர்த்தால் ஒவ்வொரு கமிட்டின் கையொப்பமும் தெரியும். எஸ்எஸ்எச் என்றால், யார் யாருடைய சாவியை ஏற்கலாம் என்ற பட்டியல் கோப்பு ஒன்றை முதலில் தர வேண்டும். அது இல்லாமல் கிட் சரிபார்க்காது. அந்தப் பட்டியலை ரெப்போவுக்குள் வைக்கலாம். ஆனால் அதில் ஒரு வரி மாறினாலும் இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சேர வேண்டும்.

6. கிட்ஹப்பில் ‘ரீபேஸ் அண்ட் மெர்ஜ்’ பொத்தானை அழுத்தினால் கமிட்கள் புதிதாக எழுதப்படும். உங்கள் கையொப்பம் போய்விடும். ஸ்குவாஷ் செய்தால் கிட்ஹப் தன் சொந்தச் சாவியால் கையொப்பமிடும். எந்த வழி என்பதைக் குழுவில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

7. கையொப்பம் ‘யார்’ என்று சொல்லும், ‘நல்லவரா’ என்று சொல்லாது. 2024-இல் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் பின்வாசல் வைத்த ‘ஜியா டான்’ திருட்டுப் பெயரில் வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, பராமரிப்பாளர் பொறுப்பைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளைத் தன் சாவியாலேயே கையொப்பமிட்டு வெளியிட்டவர். பின்வாசலைத் திறக்கும் துண்டு கிட்டில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் பிடித்தார். எனவே வெளியீட்டுத் தொகுப்பை கிட்டில் உள்ள நிரலோடு ஒப்பிடுங்கள். சாவியைச் சரிபார்த்தாலும் நிரலைப் படியுங்கள்.

8. இனி இஷ்யூ பக்கம். ஒரு இஷ்யூவில் ஒரு பிரச்சினை. ‘வேலை செய்யவில்லை’ என்ற தலைப்பு யாருக்கும் உதவாது. ‘தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஏற்றினால் பிழை 500’ என்றால் படித்தவுடன் கை வேலையில் இறங்கும். டெம்ப்ளேட்டில் என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு என்று கேட்டால் போதும். இருபது கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள்.

9. இஷ்யூக்களுக்கு ஒட்டும் லேபிள்கள் குறைவாக இருக்கட்டும். யாரும் வடிகட்டிப் பார்க்காத லேபிளை நீக்கிவிடுங்கள்.

10. கமிட் செய்தியில் ‘ஃபிக்சஸ்’ என்று எழுதி #214 போல இஷ்யூ எண்ணைச் சேர்த்தால், முதன்மைக் கிளையில் அது சேரும்போது இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். அதைவிடப் பெரிய லாபம் பின்னால் தெரியும். ஓராண்டு கழித்து ஒரு வரியைப் பார்த்து ‘இது ஏன் இங்கே?’ என்று விழிக்கும்போது, எழுதியது யார் என்று கையொப்பம் சொல்லும், ஏன் என்று இஷ்யூ சொல்லும்.

11. பாதுகாப்புக் குறையைப் பொது இஷ்யூவில் போடாதீர்கள்; சரிசெய்வதற்குள் திருடன் படித்துவிடுவான். தனியாகத் தெரிவிக்கும் முகவரியை ‘செக்யூரிட்டி’ கோப்பில் எழுதி ரெப்போவில் வையுங்கள்.

12. பழைய இஷ்யூக்களைத் தானாக மூடும் பாட் எனக்குப் பிடிக்காது. பிழை அப்படியே இருக்கும். புகார் சொன்னவர்தான் கோபித்துக்கொண்டு போவார். மாதம் ஒரு முறை இருவர் உட்கார்ந்து, செய்யப்போவதில்லை என்று தெரிந்தவற்றை, காரணத்தை ஒரு வரி எழுதி மூடுங்கள்.