'இங்' போதுமா, 'ஹாவிங்' வேண்டுமா?

ஒருவரே செய்த இரண்டு செயல்களை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக்க இரண்டு வடிவங்கள் கைகொடுக்கும். ஒன்று, வினையோடு 'இங்' சேர்த்த பிரசன்ட் பார்ட்டிசிபிள்: ரீடிங். மற்றது, 'ஹாவிங்' போட்டு வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்த்த பர்ஃபெக்ட் பார்ட்டிசிபிள்: ஹாவிங் ரெட். கம்பீரமாக இருக்கும் என்று எல்லா இடத்திலும் 'ஹாவிங்' போடுகிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு.

எளிய சோதனை

தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கொண்டே' பொருந்தினால் 'இங்'. 'விட்டு' பொருந்தினால் பெரும்பாலும் 'ஹாவிங்'. 'ரீடிங் த லெட்டர், ஷி பர்ன்ட் இட்' என்றால் கடிதத்தைப் படித்துக்கொண்டே கொளுத்தினாள் என்று தொனிக்கும். 'ஹாவிங் ரெட் த லெட்டர், ஷி பர்ன்ட் இட்' என்றால் படித்து முடித்துவிட்டுத்தான் கொளுத்தினாள்.

'இங்' போதுமான இடங்கள்

முதல் செயல் நொடியில் முடிந்து அடுத்தது உடனே தொடர்ந்தால் 'விட்டு' பொருந்தினாலும் 'இங்' போதும்: 'ஓபனிங் த டிராயர், ஹி டுக் அவுட் எ ஃபைல்.' டிராயரைத் திறக்காமல் ஃபைலை எடுக்க முடியாது என்பதால் வரிசை குழம்பாது. விளைவைச் சொல்லும்போதும் 'இங்'தான். அது வாக்கியத்தின் பின்பகுதியில் வரும்: 'ஹி ஃபெல், பிரேக்கிங் ஹிஸ் லெக்.' இங்கே 'ஹாவிங் புரோக்கன்' என்று மாற்றினால் கால் முதலில் முறிந்து, பிறகு விழுந்ததாகிவிடும்.

'ஹாவிங்' தேவைப்படும் இடங்கள்

முதல் செயல் நீண்ட காலம் நடந்திருந்தாலோ, இரண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தாலோ, முன்பு நடந்தது பின்னதற்குக் காரணமானாலோ 'ஹாவிங்' வேண்டும். 'ஹாவிங் லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ், ஷி நோஸ் த சிட்டி வெல்' என்பதில் 'லிவிங்' எடுபடாது. 'ஹாவிங் ஃபெயில்ட் ட்வைஸ், ஹி கேவ் அப்' என்பதும் இப்படித்தான். எதிர்மறைக்கு 'நாட்' முன்னால் வரும்: 'நாட் ஹாவிங் ரிசீவ்ட் எ ரிப்ளை.'

எது போட்டாலும் சரி

'ஆஃப்டர்' என்ற சொல்லே வரிசையைச் சொல்லிவிடுவதால் 'ஆஃப்டர் ஃபினிஷிங்' போதும். 'ஆஃப்டர் ஹாவிங் ஃபினிஷ்ட்' தவறல்ல, கொஞ்சம் மிகை. 'டினைட் ஸ்டீலிங்', 'டினைட் ஹாவிங் ஸ்டோலன்' இரண்டும் திருடியதை மறுத்தார் என்றே பொருள் தரும்.

இரண்டு எச்சரிக்கைகள்

'ஹாவிங் எ ஃபீவர், ஷி ஸ்டேட் ஹோம்' என்பதில் இருப்பது பர்ஃபெக்ட் அல்ல. 'ஹாவிங்'கை அடுத்துப் பெயர்ச்சொல் வந்தால் அது 'காய்ச்சல் இருந்ததால்' என்ற சாதாரண 'இங்' வடிவமே. இன்னொன்று, எழுவாய். 'ஹாவிங் ஃபினிஷ்ட் த எக்ஸாம், த பெல் ராங்' என்றால் மணியே தேர்வை எழுதி முடித்ததாகிவிடும். 'ஐ ஹர்ட் த பெல்' என்று எழுதினால் தப்பித்தீர்கள்.

ஆகவே முதலில் 'இங்' போட்டு வாசியுங்கள். எது முன், எது பின் என்பதில் ஐயம் எழாவிட்டால் அப்படியே விடுங்கள். எழுந்தால் 'ஹாவிங்' போடுங்கள்.