கத்திரி வெயிலில் வயல் வேலை

சித்திரை மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திர காலம், காவிரிக் கடைமடையில் உள்ள குடியானவர்களுக்கு ஓய்வுக் காலம் அன்று. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ம் தேதிக்கு முன்னரே வாய்க்கால்களைத் தூர் வாருதல், வரப்புகளை வெட்டி அணைத்தல், எரு அடித்தல், கோடை உழவு, குழாய்க் கிணற்று நீரில் குறுவை நாற்றங்கால் தயாரித்தல் ஆகிய வேலைகள் முடிந்தாக வேண்டும். பூம்புகார், செம்பனார்கோயில் வட்டாரங்களில் பருத்தி எடுப்பும் இதனோடு சேர்ந்து வருகிறது. 2022-ல் அணை மே 24-ம் தேதியே திறக்கப்பட்டது. அத்தகைய ஆண்டுகளில் குறுவையின் முதல் வேலைகள் முழுவதும் கத்திரி வெயிலிலேயே நிகழும். ஆகவே வெயிலுக்கு அஞ்சி வேலையை நிறுத்துவதும் இயலாது. வெயிலைப் பொருட்படுத்தாமல் வேலை வாங்குவதும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே செல்லும் முறையை அறிவது நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் அவசியமாகும்.

கடற்கரை உஷ்ணத்தின் இயல்பு

உள்நாட்டு ஊர்களைவிடக் கடற்கரையில் உஷ்ணம் குறைவு என்பது பொதுவான எண்ணம். உஷ்ணமானியை மட்டும் பார்த்தால் அது மெய்யே. ஆயினும் தேகம் தன் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் வியர்வை உலர்வதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை வழிந்தோடுமேயன்றி உலர்வதில்லை. உலராத வியர்வையால் தேகம் குளிர்வதுமில்லை.

உஷ்ணமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றுப்படும்படி வைத்தால் அது காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் உஷ்ணம் என்று பெயர். நூற்றுக்கு 30 பங்கு ஈரப்பதமுள்ள உள்நாட்டுக் காற்று 40 பாகை செல்சியஸ் இருக்கும்போது ஈரக்குமிழ் அளவு சுமார் 26 பாகையே. நூற்றுக்கு 70 பங்கு ஈரப்பதமுள்ள கடற்கரைக் காற்று 35 பாகை மட்டும் இருந்தாலும் அவ்வளவு சுமார் 30 பாகையாகிறது. அதாவது, உஷ்ணமானி ஐந்து பாகை குறைத்துக் காட்டும் இடத்தில்தான் தேகத்துக்கு இடர் அதிகம். இதை ஜே. எஸ். ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு உடலியல் அறிஞர் 1905-ம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். அசைவற்ற காற்றில் ஈரக்குமிழ் அளவு 31 பாகையைத் தாண்டினால், சும்மா இருக்கும் மனிதனுக்கும் உடற்சூடு ஏறத் தொடங்கும் என்று அவர் கண்டார். மண்வெட்டி பிடிப்பவனுக்கு அதனினும் குறைந்த அளவிலேயே சூடு ஏறும்.

இந்திய வானிலைத் துறையும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டுள்ளது. சமவெளியில் 40 பாகையை எட்டிய பின்னரே வெப்ப அலை கணக்கிடப்படுகிறது. கடற்கரை நிலையங்களிலோ 37 பாகையை எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 பாகை மிகுந்தால் போதும். பூம்புகாரில் நண்பகலுக்குப் பின் கொண்டற்காற்று கடலிலிருந்து வந்து ஆறுதல் தருவதுண்டு. மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் அது தாமதமாகிறது. சில நாள் வராமலே போகிறது. அத்தகைய நாட்களே மிகுந்த எச்சரிக்கைக்குரியவை.

வேலை நேரம்

மே மாதத்தில் இப்பகுதியில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்னரே உதயமாகிறது. கடின வேலைகளை 5½ மணிக்குத் தொடங்கி 10½ மணிக்குள் முடிப்பது நலம். மீதமிருப்பின் மாலை 4 மணிக்குப் பிறகு தொடரலாம். 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் எவரையும் நிறுத்தலாகாது. விதை சுத்தம் செய்தல், பருத்தி தரம் பிரித்தல், சாக்கு தைத்தல் முதலிய நிழல் வேலைகளை அந்நேரத்துக்கு ஒதுக்கிக் கொள்ளலாம். பூச்சிமருந்து தெளிப்பதைக் காலையிலோ மாலையிலோ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வியர்த்த தோல் வழியே மருந்து எளிதில் உட்செல்லும். உழவு மாடுகளுக்கும் நடுப்பகல் ஓய்வு வேண்டும். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவாதலால் குட்டையோ தண்ணீர் தெளிப்போ இன்றியமையாதது.

இது புதிய யோசனையன்று. பூம்புகாரிலிருந்து மதுரை நோக்கிச் சென்ற கோவலனும் கண்ணகியும், வேனில் வெம்மை தாங்காமல் பகலில் தங்கி நிலவொளியில் வழி நடந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

நிழலுக்காகப் பனை மரத்தையோ தொலைவிலுள்ள வேம்பையோ நம்பியிருத்தல் போதாது. நிழல் தூரத்தில் இருந்தால் வேலையாட்கள் அங்கே போவதில்லை. நான்கு மூங்கில்களும் சில தென்னங்கீற்றுகளும் கொண்டு, வேலை நடக்கும் வரப்பருகே இடம் மாற்றக்கூடிய பந்தல் ஒன்றை அமைத்தால் செலவு அதிகமில்லை.

உடம்பைப் பழக்குதல்

உஷ்ணத்தைத் தாங்கும் வல்லமை பிறவியில் அமைவதன்று. ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தேகம் அதைப் பெறுகிறது. சில நாள் விலகியிருந்தால் இழந்தும் விடுகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் உஷ்ண அதிர்ச்சியால் ஆட்கள் மாண்டபோது, புதியவர்களைப் படிப்படியாகப் பழக்கும் முறை 1930-களில் கைக்கொள்ளப்பட்டது. புதிதாக வருபவர்க்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்திலொரு பங்கும், பின் நாள்தோறும் அவ்வளவே கூட்டியும் கொடுப்பது இன்றைய விதி. வெளியூரில் வேறு தொழில் செய்து ஊர் திரும்பிய இளைஞரும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும் புதியவர்களாகவே கருதப்பட வேண்டும். முதல் வாரத்தில் அபாயத்துக்குள்ளாவோர் பெரும்பாலும் இவர்களே.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுத்த பின் குடிப்பது காலங்கடந்த செயலாகும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் வீதம், மணிக்கு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்து வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேற்படலாகாது. பத்து ஆட்கள் ஆறு மணி நேரம் வேலை செய்தால் ஏறத்தாழ 40 லிட்டர், அதாவது 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் சுமார் மூன்று குடம் தேவை. இதைக் கொண்டுவர ஒருவரைத் தனியே நியமிப்பது வீண் செலவாகாது.

வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், உப்பிட்ட மோர், நீராகாரம் ஆகியவை சிறந்தவை. மிகவும் களைத்தவர்க்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இரத்த அழுத்தம், இருதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மது அருந்தியவரை வெயிலில் வேலைக்கு விடவே கூடாது.

பெண்கள் பலர் வயலில் ஒதுங்க மறைவிடம் இன்மையால் வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்க்கின்றனர். இதனால் களைப்பும் சிறுநீர் நோய்களும் உண்டாகின்றன. பருத்தி எடுப்பிலும் நடவிலும் பெண்களே மிகுதியாதலால், நான்கு கீற்றுகளைக் கொண்டு ஒரு மறைப்புக் கட்டித் தருவது தண்ணீர்க் குடத்துக்கு நிகரான அவசியமாகும்.

அபாயக் குறிகள்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் வேலையை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, பானம் கொடுக்க வேண்டும். பேச்சுத் தடுமாறுதல், இடம் தெரியாமல் விழித்தல், தள்ளாடுதல், வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை உஷ்ண அதிர்ச்சியின் குறிகள். அப்போது உட்சூடு 40 பாகையைக் கடந்திருக்கும். வியர்வை நின்றால்தான் அபாயம் என்பது தவறான நம்பிக்கை. உழைப்பினால் வரும் அதிர்ச்சியில் வியர்வை வழிந்துகொண்டேயிருக்கும்.

அவ்வேளையில் வண்டிக்காகக் காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். 108-க்குச் செய்தி அனுப்பிக்கொண்டே, உடையைத் தளர்த்தி, குழாய்க் கிணற்றுத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணி வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. காய்ச்சல் மாத்திரையால் இதில் பயனில்லை.

கூலியும் பொறுப்பும்

மேற்கூறிய யாவும் கூலி முறையைப் பொறுத்தே பலன் தரும். இத்தனை கிலோ பருத்திக்கு இவ்வளவு, இத்தனை அடி வாய்க்காலுக்கு இவ்வளவு என்று பேசிய இடத்தில், நிழலில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் ஆளுக்கு நஷ்டமாகிறது. ஓய்வெடு என்று சொல்வதால் மட்டும் அவர் ஓய்வெடுக்க மாட்டார். ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கூலி பேசுவதே நேர்மை. நிலமுடையோர்க்கும் இதில் இழப்பில்லை. நடுவெயிலில் கை சோர்ந்து செய்யும் வேலை, காலை வேலைக்கு ஈடாவதில்லை. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் ஆட்களிடையே சிறுநீரகம் கெடும் நோய் பரவி, இளம் வயதினர் பலர் மாண்டனர். வெயிலில் ஓய்வின்றி உழைத்ததும் நீர் வற்றியதும் அதற்கு முக்கிய காரணங்களாகக் கருதப்படுகின்றன. தண்ணீர், நிழல், ஓய்வு என்னும் மூன்றையும் சில ஆலைகள் அங்கே ஏற்பாடு செய்துள்ளன.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று நிர்ணயித்தது. இறப்பின் காரணம் சரிவரப் பதிவாகாவிடில் அந்நிவாரணம் பெறுதல் அரிதாகும். ஆதலால் கிராம நிர்வாக அலுவலர், ஒருவர் வெயிலில் விழுந்தார் என்று அறிந்ததும் இடம், நேரம், செய்த வேலை, மருத்துவமனைக்குச் சென்ற வேளை ஆகியவற்றை உடனே குறித்து மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊராட்சியார் ஒரு சாதாரண உஷ்ணமானியும் ஈரத்துணி சுற்றிய மற்றொன்றும் வாங்கி நிழலில் காற்றோட்டமாக மாட்டி, ஈரக்குமிழ் அளவு 31 பாகையை நெருங்கும் நாளில் தூர் வாரும் வேலையை நிறுத்திவிடலாம். வாய்க்கால் ஒரு நாள் தாமதமாகத் தூர் வாரப்பட்டால் அடுத்த நாள் ஈடு செய்துகொள்ளலாம். வரப்பில் விழுந்த உயிருக்கு ஈடில்லை.