ஸ்ரீமூலவாசம்: செப்பேடு கூறும் சான்று

திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள விழிஞம் பண்டை ஆய் மன்னரின் துறைமுகம். அம்மரபினனான விக்கிரமாதித்திய வரகுணன், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், திருமூலபாதம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் ஈந்தான். இதனைப் பாலியம் செப்பேடு கூறுகின்றது. புகழ்பெற்ற ஸ்ரீமூலவாசம் இதுவே என்பர் அறிஞர். அவ்விகாரத்தைக் கடலரிப்பினின்று ஓர் அரசன் காத்த செய்தியை 'மூஷிகவம்சம்' என்னும் வடமொழிக் காவியம் உரைக்கின்றது.

இன்று கட்டடம் இல்லை. அஃது இருந்த இடமும் உறுதிப்படவில்லை. அதனால், காணும் பழஞ்சின்னங்களையெல்லாம் நம்முடையன எனல் தகுமோ? தகாது. விழிஞத்துக் குடைவரை சிவனுக்குரியது. வரகுணனது 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைத் தாங்கும் சிதறால் மலைக்கோயில் சமணருடையது. பிறருடையதைப் பிறருக்கே உரியதெனக் கூறுவோம். அப்போதுதான், ஈண்டுப் பௌத்தம் தழைத்தது என நாம் செப்பேட்டைக் காட்டி மொழியும் சொல்லை உலகம் ஏற்கும்.