பீடியை விட்டால்தான் ஆபரேஷன்

உடம்பு எடையைக் குறைக்க ஓர் ஆபரேஷன் இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வயிற்றில் தொங்கும் கொழுப்பை வெட்டி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இது அது அல்ல. உள்ளே இருக்கும் இரைப்பையைச் சிறியதாக்குவது.

நாம் சாப்பிடும் சோறு போய்த் தங்கும் பைதான் இரைப்பை. ஒரு வகை ஆபரேஷனில் இந்தப் பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம்போல ஒடுங்கி இருக்கும். இன்னொரு வகையில், பையின் மேல்பகுதியைச் சிறியதாகப் பிரிப்பார்கள். அதைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைப்பார்கள். எந்த வகையானாலும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

இது அழகுக்காகச் செய்வது அல்ல. எடை மிகவும் கூடியதால் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் வந்தவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் அவர்களில் சிலருக்குப் பலன் கிடைப்பதில்லை. அவர்களுக்குத்தான் டாக்டர்கள் இதைச் சொல்வார்கள். டில்லி எய்ம்ஸ் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் டாக்டர் முதலிலேயே கேட்பார்: "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"

ஆட்டோ ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 43. எடை 128 கிலோ. தினமும் ஒரு கட்டு பீடி பிடிப்பவர். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவில் மனைவியிடம் பேசுகிறார்.

"பீடி பழக்கம் இல்லைன்னு சொல்லிடப் போறேன். உண்டுன்னு சொன்னா தேதியைத் தள்ளிப் போட்டுடுவாங்க."

"பொய் சொல்லிட்டுப் போய்ப் படுத்தா கஷ்டம் யாருக்கு? டாக்டருக்கா?"

"உனக்குப் புரியலை. பீடியை விட்டா பசி எடுக்கும். இன்னும் குண்டாயிடுவேன். முதல்ல எடை குறையட்டும். அப்புறம் பீடியை விடறேன்."

நம் ஊரிலும் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில், டாக்டர் ஏன் கேட்கிறார்?

வெட்டித் தைத்த இடம் ஆற வேண்டும். புண்ணை ஆற்றுவது ரத்தம். ரத்தம்தான் அந்த இடத்துக்குப் பிராணவாயுவைக் கொண்டுபோகிறது. பீடிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அது ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புகையில் நிகோடின் என்ற பொருளும் இருக்கிறது. அது ரத்தக் குழாயைச் சுருக்கும். வாய்க்காலில் மண் சரிந்தால் என்ன ஆகும்? கடைமடைப் பயிர் வாடும். தையல் போட்ட இடத்தின் கதியும் அதுதான்.

கையிலோ காலிலோ புண் ஆறாவிட்டால் நம் கண்ணுக்குத் தெரியும். இது வயிற்றுக்குள் இருக்கும் தையல். அது பிரிந்தால் இரைப்பையில் உள்ளது வயிற்றுக்குள் கசியும். சீழ் பிடிக்கும். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நெஞ்சையும் பார்க்க வேண்டும். எடை கூடியவர் மல்லாந்து படுத்தாலே மூச்சு விடச் சிரமப்படுவார். மயக்க மருந்து கொடுத்த பிறகு சளியை இருமித் துப்புவதும் கடினம். பீடி பிடிப்பவருக்குச் சளி அதிகம். அது நுரையீரலில் தங்கினால் நிமோனியா வரும். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பதும் உண்டு. எடை கூடியவருக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது. புகை அதை இன்னும் கூட்டும்.

சரி, எத்தனை நாள் முன்னால் விட வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஒரு செய்தி சொன்னது. ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்னாலாவது புகையை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு. அதற்கு மேல் விடும் ஒவ்வொரு வாரமும் லாபம். எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பல டாக்டர்கள் 6 வாரம் கேட்பார்கள். சிலர் இன்னும் அதிகம் கேட்பார்கள்.

"எனக்கு 2 வாரம்தானே இருக்கிறது? திடீரென்று விட்டால் ஆபத்து என்கிறார்களே?" அப்படி இல்லை. இன்றைக்கே விடலாம். விட்ட ஒரு நாளிலேயே ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு வெகுவாகக் குறைந்துவிடும். முதல் சில நாள் இருமல் கூடலாம். நுரையீரல் சளியை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். எத்தனை நாள் விட்டிருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேதியை அவர் முடிவு செய்வார். தேதி தள்ளிப் போனால் அது தண்டனை அல்ல.

சில ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தையோ சிறுநீரையோ சோதிப்பார்கள். நிகோடின் உடம்புக்குள் வந்த தடம் அதில் தெரிந்துவிடும். வாயில் அடக்கும் புகையிலை, கைனி, குட்கா போட்டாலும் தெரியும். "புகைதானே கூடாது?" என்று பீடியை விட்டுக் கைனிக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும் அதே நிகோடின்தான் அதிலும் இருக்கிறது. சிகரெட்டை விடப் பீடி நல்லது என்பதும் வெறும் பேச்சு. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் நச்சு அதிகமாகத்தான் உள்ளே போகும். (நம் வகுப்பில் பீடி சுற்றும் அக்காமார் இருப்பீர்கள். இது உங்கள் மேல் சொல்லும் குறை அல்ல.)

இப்போது அந்த ஆட்டோக்காரரின் பயத்துக்கு வருவோம். பீடியை விட்டால் எடை கூடுமா?

கூடலாம். நிகோடின் பசியை மந்தமாக்கும். விட்டதும் பசி திரும்பும், நாக்கில் ருசி திரும்பும். விட்டவர்களுக்குச் சராசரியாக ஒரு வருடத்தில் 4, 5 கிலோ கூடுகிறது. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆபரேஷன் நன்றாக முடிந்தால், பலருக்கு உடம்பு எடையில் கால் பங்கு போல் குறைகிறது. 128 கிலோவில் கால் பங்கு 32 கிலோ. 4 கிலோ கூடும் என்று பயந்து பீடியைப் பிடித்துக்கொண்டிருந்தால், 32 கிலோ குறைய வேண்டிய ஆபரேஷனே கெட்டுப் போகும். எது பெரிது? பீடிக்குப் பதில் பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும் என்று ஆகாமல் பார்த்துக்கொண்டால் அந்த 4 கிலோவும் கூடாமல் இருக்கலாம்.

"அப்புறம் விடறேன்" என்றாரே, அதுவும் சரிவராது. ஆபரேஷன் முடிந்த பிறகும் பீடியைத் தொடக் கூடாது. இரைப்பையையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் வரும். புகை பிடிப்பவருக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். ரத்தம் கசியும். ஓட்டைகூட விழலாம். சில வருடம் கழித்தும் வரலாம்.

விடுவது எளிதல்ல. முதல் மூன்று, நான்கு நாள் மிகவும் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் வராது. வீட்டில் இருப்பவர்கள் அந்த நாட்களில் சண்டைக்குப் போகாமல் இருந்தாலே பெரிய உதவி. பீடி ஆசை எழுந்தால் சில நிமிடத்தில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம். எழுந்து நடக்கலாம். பேரனோடு பேசலாம். டீக்கடையில் பீடி நண்பர்கள் இருந்தால் சில வாரம் டீயை வீட்டிலேயே குடியுங்கள். ஒரு நாள் தவறிப் பிடித்துவிட்டால், மறுநாளே மீண்டும் நிறுத்துங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

நிகோடின் கலந்த சூயிங் கம் மருந்துக் கடையில் கிடைக்கும். அது பலருக்கு உதவுகிறது. ஆனால் சோதனையில் அதுவும் தெரியும். ஆபரேஷன் செய்யும் டாக்டரைக் கேட்காமல் மெல்லாதீர்கள்.

பேசி உதவவும் ஆள் இருக்கிறார்கள். மத்திய அரசு 2016-ல் ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 1800-11-2356. காசு கிடையாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருந்து தமிழிலும் பேசுகிறார்கள். என்றைக்கு விடப் போகிறீர்கள் என்று கேட்டு நாள் குறிக்க உதவுவார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டும் விசாரிப்பார்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள பீடிக் கட்டையோ சிகரெட் பெட்டியையோ எடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் அச்சடித்திருக்கும். 2018 செப்டம்பரில் இருந்து அதை அச்சிடுகிறார்கள். அதைச் சத்தமாகப் படியுங்கள். மேலே உள்ள எண்ணும் அதுவும் ஒன்றுதானா?

ஒருவருக்கு ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஆபரேஷன். 6 வாரம் முன்னால் பீடியை விட வேண்டும். அது எந்தத் தேதி? காலண்டரைப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நாள் பீடிச் செலவு எவ்வளவு? அதை 42-ஆல் பெருக்குங்கள். 6 வாரச் செலவு வரும்.