படகில் ஏசி: கரை மின்சாரம் எட்டாத இரவுக்கு ஒரு கணக்கு

ஆலப்புழையின் படகு வீடுகள் மாலை ஐந்தரை வாக்கில் ஓட்டத்தை நிறுத்திவிடும். அதன் பிறகு காயல், வலை போடும் மீனவர்களுக்கு. வேம்பநாட்டுக் காயலின் ஏதோ ஒரு கரையோரத் தென்னையில் கயிற்றைக் கட்டிவிட்டால், இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ஏசி என்பதுதான் அங்கு வழக்கமான பேக்கேஜ். கட்டிய இடத்தில் மின்சார இணைப்பு இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் விடிய விடிய உறுமும். காற்று வாங்க வந்தவர் புகை வாங்கிக்கொண்டு போவார்.

ஜெனரேட்டரை உறங்கவிட்டு ஏசியை ஓட்ட வழி இருக்கிறது. ஆனால் பலர் எடுத்த எடுப்பிலேயே பேட்டரிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது படுக்கையறையை.

படகு வீடாக மாற்றப்பட்ட கெட்டுவள்ளத்தின் சுவர் மூங்கிலும் பாயும் சேர்ந்தது. அழகானது, ஆனால் குளிரைப் பிடித்து வைக்காது. வெளிப்பாய்க்கும் உள்பக்கப் பலகைக்கும் நடுவே வெப்பம் தடுக்கும் ஃபோம் அட்டை வைத்து, கூரையின் உள்பக்கத்தையும் அப்படியே மூடி, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். நூறு, நூற்றிருபது சதுர அடி அறைக்கு அதன்பின் ஒரு டன் ஏசி தாராளம். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. மின்விசிறியோடு 26 டிகிரி, காயல் கரையில் நல்ல உறக்கத்துக்குப் போதும்.

ஏசி இன்வெர்ட்டர் வகையாகத்தான் இருக்க வேண்டும். பழைய வகைக் கம்ப்ரசர், கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்டை இழுக்கும். அந்த ஒரு நொடிக்காகவே பேட்டரி இன்வெர்ட்டரைப் பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். இன்வெர்ட்டர் ஏசி மெல்லக் கிளம்பும். அறை குளிர்ந்ததும் முந்நூறு வாட் அளவுக்குக்கூட இறங்கிவிடும்.

அடுத்தது அளவு. பெட்டியில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கை நம்பி எதையும் வாங்க வேண்டாம். கரை மின்சாரம் உள்ள இடத்தில் படகைக் கட்டி, ஏசிக்கு மட்டும் ஒரு சப்-மீட்டர் பொருத்தி, புழுக்கமான ஏப்ரல் இரவொன்றில் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். செலவும் குறைவு. இந்த முழு வேலையிலும் இதைவிட உருப்படியான சோதனை வேறில்லை.

மீட்டர் ஓர் அறைக்கு 4 யூனிட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறைக்கு 8. பேட்டரி இன்வெர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தால் 9. பேட்டரியை அடிவரை வறண்டுபோக விடக்கூடாது என்பதால் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைக்க, 11 யூனிட்டுக்குச் சற்று மேல். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 5 யூனிட் இருக்கும். மூன்று வாங்கினால் ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும்கூட இடமுண்டு. எடை மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 150 கிலோ. இதையே 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில் செய்ய நினைத்தால், பாதிக்கு மேல் இறக்கக்கூடாத அவற்றில் பத்தாவது வேண்டும். அரை டன்னைத் தாண்டிவிடும்.

51.2 வோல்ட் பேட்டரி பொருந்தும் 48 வோல்ட் அமைப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரம் வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் கம்பியில் 83 ஆம்பியர் ஓடும். 48 வோல்ட்டில் 21 ஆம்பியர். மரமும் பாயும் கயிறும் நிறைந்த படகில், சூடேறும் கம்பியைக் குறைப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

சார்ஜ் எங்கிருந்து வரும்? வைக்கம் – தவணக்கடவு வழியில் 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ படகின் கூரையில் 20 கிலோவாட் சோலார் தகடுகள், உள்ளே 50 யூனிட் பேட்டரி. 75 பயணிகளை அதுதான் சுமக்கிறது. படகு வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. 540 வாட் தகடு ஆறு வைத்தால், தெளிந்த நாளில் 12 யூனிட் அளவுக்கு எதிர்பார்க்கலாம். இடம் 170 சதுர அடி. ஆனால் வளைந்த கூரையில் தட்டையான சட்டம் போட்டு ஏற்றும் எடை, படகின் சமநிலையை மாற்றும். படகைச் சோதிக்கும் சர்வேயரிடம் காட்டாமல் ஏற்றக்கூடாது. ஜூன், ஜூலை மழையில் வரத்து நன்றாகவே குறையும். தென்னை நிழல் விழுந்தாலும் அப்படித்தான்.

பகலில் படகு ஓடும் நாலைந்து மணி நேரமும் ஒரு வரவுதான். எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் எடுக்கலாம். நேராக இணைத்தால் லித்தியம் பேட்டரி கிடைத்ததையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கருக்கிவிடும். நடுவே டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜெனரேட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் ஏசி படகுகள் பேட்டரியில் ஓடினாலும், அவசரத்துக்கு ஜெனரேட்டரையும் சுமக்கின்றன. படகு வீட்டில் மழைநாள் மாலையில் இரண்டு மணி நேரம் நல்ல சுமையோடு ஓட்டிப் பேட்டரியை நிரப்பிவிட்டு, விருந்தினர் படுக்கும் முன் அணைத்துவிடலாம். இரவெல்லாம் அரைகுறைச் சுமையில் ஓடும் டீசல் எஞ்சினில் கரிதான் சேரும்.

அமெரிக்காவின் பவல் ஏரியில் 2000 ஆகஸ்ட்டில் நடந்ததைப் படகு உரிமையாளர் எவரும் மறக்கக்கூடாது. ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த படகு வீட்டின் பின்புறம் நீந்திய சகோதரச் சிறுவர் இருவர், பின்தளத்துக்கு அடியில் தேங்கிய கார்பன் மோனாக்சைடில் மூர்ச்சையாகி உயிரிழந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. புகைக்குழாய் படகின் கூரைக்கு மேலே உயர்ந்து திறக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டர் அறைக்குள்ளோ தளத்துக்கு அடியிலோ கூடவே கூடாது.

மீதி, எலக்ட்ரீஷியன் வேலை. பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ், ஈரம் அரிக்காத வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி, கரை மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒன்றையொன்று சந்திக்காதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச். பேட்டரிகள் அடித்தட்டு நீர் எட்டாத உயரத்தில், அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

படகு வீட்டில் தங்கப் போகும் பயணிகளும் முன்பதிவின்போது ஏசி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். அது எதில் ஓடுகிறது, புகை எங்கே போகிறது, அறையில் அலாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.